மகாகனமும் வெம்பிளி மண்டபமும்

பொருட்காட்சி என்றதும் நம் ஏரிக்கரை ஊர்களில் உள்ளோர்க்குச் சென்னைத் தீவுத்திடலே நினைவுக்கு வரும். ஒருபுறம் அரசுத் துறைகளின் அரங்குகள். மறுபுறம் இராட்டினமும் மரணக் கிணறும் டெல்லி அப்பளமும். பிள்ளைகள் இராட்டினத்துக்கு இழுக்க, பெரியவர்கள் மீன்வளத் துறை அரங்கின் முன் ஒரு கணம் நின்று, நம் படகைப் பொம்மையாகச் செய்து வைத்திருக்கிறார்களே என்று வியந்து நகர்வர். ஆள்வோர் தம் பெருமையை அடுக்கி வைக்கவும், காண வந்தோர் கேளிக்கையில் களித்துத் திரும்பவும் ஒரே இடம் போதும் என்ற இந்த ஏற்பாடு நம் கண்டுபிடிப்பன்று. இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் இலண்டன், பாரிசு, சிகாகோ, நியூயார்க் ஆகிய நகரங்களில் நடந்த பெரும் பொருட்காட்சிகளில் அது கைதேர்ந்த கலையாக வளர்ந்தது. மண்டபம் நாட்டுக்கு, ஊஞ்சலும் சறுக்கலும் மக்களுக்கு.

அவற்றுள் 1924, 1925 ஆண்டுகளில் இலண்டனை அடுத்த வெம்பிளியில் நடந்த பிரிட்டிஷ் பேரரசுப் பொருட்காட்சி நம்மோடு நெருங்கிய தொடர்புடையது. அங்கே இந்திய மண்டபத்தை எழுப்பும் பொறுப்பை ஏற்றவர் ஒரு தமிழர். அந்தப் பொருட்காட்சியில் இந்தியா பங்கு கொள்ளவே கூடாது என்று முழங்கியவரும் ஒரு தமிழரே. முழங்கியவர் ஒத்துழையாமைக்காரர் அல்லர். கதர் உடுத்திச் சிறை சென்றவர் அல்லர். பேரரசின் மீது நம்பிக்கை வைத்து, அதன் அவைகளில் அமர்ந்து, அதன் அரசரின் ஆலோசனைக் குழுவில் இடம்பெற்று, மகாகனம் என்ற அடைமொழியோடு தமிழ்நாட்டில் வழங்கப்பெற்ற வலங்கைமான் சங்கரநாராயண சீனிவாச சாஸ்திரியார் அவர். அவர் வாழ்வில் அந்த ஒரு மறுப்பு எப்படி விளைந்தது, அதன்பின் என்ன ஆயிற்று என்பதை நம் வட்டத்துக் கவிஞர்கள் அறிந்திருத்தல் நன்று. சொல்லையே நம்பி வாழ்ந்த ஒருவர் சொல் தோற்ற இடத்தில் என்ன செய்தார் என்பது நமக்கும் உரிய கேள்வியல்லவா?

சாஸ்திரியார் 1869 செப்டம்பர் 22-ஆம் நாள் தஞ்சைத் தரணியின் வலங்கைமானில் பிறந்தார். புரோகிதக் குடும்பம், வறுமையும் வடமொழிப் புலமையும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த வீடு. கும்பகோணத்தில் பள்ளிப்படிப்பையும் அரசினர் கல்லூரிப் படிப்பையும் முடித்தார். டாக்டர் உ.வே. சாமிநாதையர் அக்கல்லூரியில் தமிழாசிரியராக இருந்து, சீவக சிந்தாமணியை அச்சேற்றுதற்கு ஏடுகளோடு போராடிக்கொண்டிருந்த காலம் அது. ஒரே கட்டடத்தில் ஒருவர் தமிழின் பழஞ்சொல்லைத் தேடிக்கொண்டிருக்க, மாணவரான மற்றவர் ஆங்கிலத்தின் ஒவ்வொரு சொல்லையும் உரைத்துப் பார்த்துத் தமதாக்கிக்கொண்டிருந்தார் என்பது எண்ணி மகிழத்தக்க காட்சி.

ஆசிரியப் பணியே அவர் முதலில் ஏற்றது. மாயவரம், சேலம் என்று சுற்றி, 1894-இல் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் ஆனார். ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் அப்பதவியில் இருந்து, கண்டிப்புக்கும் உச்சரிப்புக்கும் பெயர் பெற்றார். 1904-இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியதில் அவர் பங்கு முதன்மையானது. சென்னைவாசிகளுக்கு டி.யு.சி.எஸ். என்ற எழுத்துகளாகப் பழகிப்போன அச்சங்கத்தில் அரிசி பருப்பு வாங்கியவர்களுள் எத்தனை பேர் அதன் பின்னே இந்தத் தலைமையாசிரியர் நின்றதை அறிந்திருப்பர்!

1907-இல் தலைமையாசிரியர் பதவியைத் துறந்து, கோபால கிருஷ்ண கோகலே புனாவில் நிறுவியிருந்த இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். 1915-இல் கோகலே மறைந்தபோது தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது. அதே ஆண்டு தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய காந்தியடிகள் அச்சங்கத்தில் சேர விழைந்ததும், உறுப்பினர் பலர் தயங்கியதும், காந்தியடிகள் தாமே விலகிக்கொண்டதும் வரலாறு. கோகலேயை இருவரும் குருவாகக் கொண்டனர், வழிகள் பிரிந்தன. நட்பு மட்டும் பிரியவில்லை. தம் ஹரிஜன் ஏட்டின் ஆங்கிலப் பிழைகளைச் சுட்டிக்காட்டுமாறு காந்தியடிகள் பிற்காலத்தில் வேண்டிக்கொண்டது இவரிடந்தான்.

1919 பிப்ரவரியில் ரௌலட் மசோதாவை எதிர்த்து மத்திய சட்டமன்றத்தில் அவர் ஆற்றிய உரை நாடறிந்தது. ஆனால் அம்மசோதா சட்டமாயிற்று. சிறந்த உரையும் தோற்ற வாக்கும் அவர் வாழ்வில் அடுத்தடுத்து வரும் இணை. அதன் முதல் தோற்றம் இது.

1921-ஆம் ஆண்டை அவர் புகழின் உச்சி எனலாம். இலண்டனில் நடந்த பேரரசு மாநாட்டுக்கு இந்தியாவின் சார்பில் சென்றார். குடியேற்ற நாடுகளில் சட்டப்படி நிலைபெற்ற இந்தியர்க்குக் குடியுரிமை வழங்கப்படவேண்டும் என்ற தீர்மானத்தை, தென்னாப்பிரிக்கா நீங்கலாக ஏனைய நாடுகள் ஏற்குமாறு செய்தார். இலண்டன் மாநகரம் தன் கௌரவக் குடியுரிமையை அளித்தது. பிரிவி கவுன்சிலில் இடம் கிடைத்தது. அங்கிருந்து ஜெனீவா, வாஷிங்டன் என்று அவர் நாவன்மை பயணம் செய்தது. அன்றைய பேரரசு உலகுக்குக் காட்டி மகிழ்ந்த இந்தியப் பொருள்களுள் சாஸ்திரியாரின் ஆங்கிலத்துக்கு நிகரான வேறொன்று இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இப்படிச் சொல்வது குறையாகாது. காட்சிப்பொருளுக்கும் ஓர் உள்ளம் உண்டு என்பதே இக்கட்டுரை காட்ட விழைவது.

1922-இல், காந்தியடிகள் எரவாடாச் சிறைக்குள் சென்ற ஆண்டில், சாஸ்திரியார் அரசின் தூதராக ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா நாடுகளுக்குச் சென்று, அங்குள்ள இந்தியர்க்கு வாக்குரிமை கேட்டார். இங்கே அவரைத் தூற்றாத தேசியவாதிகள் குறைவு. வேடிக்கை என்னவெனில், அதே ஆண்டில் அதே நாடுகளை இன்னொரு குழுவும் சுற்றிக்கொண்டிருந்தது. வெம்பிளிப் பொருட்காட்சிக்கு ஆதரவு திரட்ட மேஜர் பெல்ச்சர் என்பவர் தலைமையில் புறப்பட்ட குழு அது. அதன் நிதி ஆலோசகரின் மனைவியாக உடன் சென்ற இளம்பெண் பிற்காலத்தில் துப்பறியும் கதைகளால் உலகை ஆண்ட அகதா கிறிஸ்டி. பேரரசின் பொருள்களைச் சேர்க்க ஒரு குழு. பேரரசின் மனிதர்க்கு உரிமை கேட்க ஒரு தனிமனிதர்.

இனிக் கெனியாவுக்கு வருவோம். அங்கே 1921 கணக்கின்படி ஐரோப்பியர் பதினாயிரத்துக்கும் குறைவு. இந்தியர் இருபத்திரண்டாயிரத்துக்கும் மேல். இருப்புப்பாதை போட்டவர்களும் கடை வைத்தவர்களும் எழுத்தர்களுமாக இந்தியர் அங்கே வேர்கொண்டிருந்தனர். ஆனால் மலைப்பாங்கான நல்ல நிலம் வெள்ளையர்க்கே என்று ஒதுக்கப்பட்டிருந்தது. வாக்குரிமையில் சமன்மை வேண்டும், நிலத்தில் நிற ஒதுக்கீடு கூடாது என்று இந்தியர் கேட்டபோது, வெள்ளைக் குடியேறிகள் ஆளுநரையே கடத்திச் செல்லும் திட்டம் வரை தீட்டினர். 1923-இல் இந்தியச் சட்டமன்றத்தின் தூதுக் குழுவுக்குத் தலைமை தாங்கிச் சாஸ்திரியார் இலண்டன் சென்றார். உடல் அப்போதே நலிந்திருந்தது. பேச்சிலும் கடிதத்திலும் நேர்காணலிலும் அவர் வாதாடினார். ஈராண்டுகளுக்கு முன் அதே நகரில் ஏற்கப்பட்ட தீர்மானம் கையில் இருந்தது.

அவ்வாண்டு சூலை இறுதியில் முடிவு வெளியாயிற்று. வெள்ளையர்க்கு 11 இடங்கள், இந்தியர்க்கு 5. அதுவும் தனித்தனி வாக்காளர் பட்டியலில். மலைநிலம் வெள்ளையர்க்கே. ஆப்பிரிக்கர் நலனே முதன்மையானது என்ற உயர்ந்த கொள்கையும் அவ்வெள்ளை அறிக்கையில் எழுதப்பட்டிருந்தது; எழுதப்பட்டதோடு நின்றது. ஒன்றை இங்கே மறைக்காமல் சொல்லவேண்டும். ஏறத்தாழ இருபத்தைந்து இலட்சம் ஆப்பிரிக்கர் வாழ்ந்த நாட்டைப் பற்றிய அந்தப் பேச்சுகளில் ஆப்பிரிக்கர் ஒருவர்கூட மேசையருகே இல்லை. சாஸ்திரியார் கேட்டது வெள்ளையரோடு இந்தியர்க்குச் சமன்மை. அந்த எல்லைக்கு அப்பால் அன்று அவர் பார்வை அதிகம் செல்லவில்லை என்பது என் கருத்து.

ஆயினும் அவர்க்கு நேர்ந்தது சாதாரணத் தோல்வியன்று. விருந்துக்கு அழைப்பும் உண்டு, பந்தியில் இடமும் இல்லை என்ற நிலை. அடுத்த ஏப்ரலில் பேரரசுக் குடும்பத்தின் ஒற்றுமையைக் கொண்டாடப் பொருட்காட்சி. அதில் இந்தியாவுக்குப் பளிங்கு நிறத்தில் ஒரு மண்டபம். அதற்கு இந்திய வரிப்பணம். குடும்பத்தில் தன் பிள்ளைக்குச் சம இடம் இல்லையென்று எழுத்தில் கண்ட பிறகு, வீட்டின் முகப்பில் நகை பூண்டு நிற்பதா என்று அவர் கருதினார். பேரரசுப் பொருட்காட்சியை இந்தியா புறக்கணிக்கவேண்டும், பேரரசு மாநாட்டிலும் கலந்துகொள்ளக் கூடாது என்று அறிவித்தார். புறக்கணிப்பு என்ற படைக்கலத்தை 1920 முதல் காந்தியடிகளின் கையில் கண்டு ஏற்காதவர், அதைத் தம் கையில் எடுத்தார். நாடு வியந்தது. அவரைக் கேலி செய்த ஏடுகளும் அவரைப் பாராட்டும் நிலை வந்தது. ஆட்சியாளர்க்கோ அதிர்ச்சி, தம் அலமாரியிலிருந்த வெள்ளிக் கிண்ணம் தானே பேசத் தொடங்கியது போல.

மிதவாத நண்பர்கள் எல்லோரும் உடன் வரவில்லை. சர் தேஜ் பகதூர் சாப்ரு அவ்வாண்டு பேரரசு மாநாட்டுக்குச் சென்று, உள்ளிருந்தே ஜெனரல் ஸ்மட்ஸோடு வாதிட்டார். இந்தியரை மதியாத நாட்டாரின் குடியேற்றத்துக்கு எதிர்வினை காட்டும் சட்டத்தை இந்தியச் சட்டமன்றம் இயற்றியது. பொருட்காட்சிக்கான வேலையோ நிற்கவில்லை.

அந்த வேலையை நடத்தியவர் சர் டி. விஜயராகவாச்சாரியார். சேலத்துக் காங்கிரஸ் பெருமகன் சி. விஜயராகவாச்சாரியாரோடு இவரைக் குழப்பிக்கொள்ளலாகாது. இவர் அரசுப் பணியாளர். 1919 முதல் கொச்சியில் திவானாக இருந்தவர். 1922-இல் பொருட்காட்சிக்கு இந்திய ஆணையராக அமர்த்தப்பட்டவர். தேசபக்தி குறைந்தவர் என்று இவரை ஒதுக்கிவிட என் மனம் ஒப்பவில்லை. மாகாணங்களையும் சமஸ்தானங்களையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவருவதும், இந்திய நெசவுக்கும் கைவினைக்கும் அயல்நாட்டுச் சந்தை தேடுவதும் ஏளனத்துக்குரிய செயல்கள் அல்ல. ஓர் இந்தியர் பொறுப்பில் அத்தகைய மண்டபம் எழுந்ததே அன்று பெருமையாகக் கொள்ளப்பட்டது. 1926-இல் கனடாவின் டொராண்டோ நகரத் தேசியப் பொருட்காட்சியைத் திறந்துவைக்கவும் அவரே அழைக்கப்பட்டார். ஒரே மாகாணத்து இருவர், இருவரும் கற்றோர், இருவரும் பேரரசை நம்பியோர். ஒருவர் வாயிலைக் கட்டினார். மற்றவர் வாயிலில் நின்று உள்ளே போகாதீர் என்றார்.

இடையில் ஒரு நிகழ்ச்சி. 1924 சனவரி 12-ஆம் நாள் இரவு, சிறைக்கைதியான காந்தியடிகள் குடல்வால் நோய்க்காகப் புனா சாசூன் மருத்துவமனையில் அறுவைக்குக் கொண்டுவரப்பட்டார். அந்நகரில் இருந்த சாஸ்திரியார் அழைக்கப்பட்டு ஓடிவந்தார். அறுவைக்கு இசைந்தும், மருத்துவர்கள் மீது நம்பிக்கை தெரிவித்தும் ஓர் அறிக்கையைச் சாஸ்திரியார் எழுத, நடுங்கும் கையால் காந்தியடிகள் ஒப்பமிட்டார். அறுவையின் நடுவே மின்விளக்கு அணைந்தது என்பர். கைதி இறந்தால் நாடு கொந்தளிக்கும் என்ற அச்சத்தில் அரசு இருந்த இரவில், அக்கைதியின் கொள்கையை ஏற்காத ஒருவர் எழுத்தே இரு தரப்புக்கும் நம்பிக்கைச் சான்றாயிற்று. மூன்று மாதம் கழித்து வெம்பிளி திறந்தது.

1924 ஏப்ரல் 23. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் விளையாட்டரங்கில் நின்று திறப்புரை ஆற்றினார். வானொலி வழியே மன்னர் குரல் மக்களைச் சென்றடைந்தது அதுவே முதன்முறை. 216 ஏக்கர் பரப்பு. ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் பவுன் செலவு. தெருக்களுக்குப் பெயர் சூட்டியவர் கவிஞர் ருட்யார்ட் கிப்ளிங். (கவிஞர்கள் எதற்கெல்லாம் பயன்படுகிறார்கள் பாருங்கள்!) பொறியியலுக்கு ஓர் அரண்மனை, தொழிலுக்கு ஓர் அரண்மனை, கலைக்கு ஒன்று. எல்லாம் புதுமைப் பொருளான கான்கிரீட். நிற்காமல் ஓடும் ஒரு சிறு இரயில் மக்களை ஏற்றி இறக்கியது. கனடா மண்டபத்தில் வேல்ஸ் இளவரசர் வெண்ணெயில் சிலையாகி, குளிர்சாதனப் பெட்டிக்குள் நின்றார்.

கேளிக்கைப் பூங்காவோ தனி உலகம். மலையேறி இறங்கும் இரயில்கள், நீர்ச்சறுக்கு, ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும் சிறு கார்கள், நடன மண்டபம். எகிப்தில் ஈராண்டுக்கும் குறைவான காலத்துக்கு முன்னர்தான் திறக்கப்பட்ட துத்தன்காமன் கல்லறையின் போலியும் அங்கேயே. மன்னனின் சாவும் மோதும் காரும் அடுத்தடுத்து இருந்தன. இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 2 கோடியே 70 இலட்சம் பேர் வந்தனர். வந்தவர்களுள் மண்டபங்களில் உலவிய கால்கள் எத்தனை, சறுக்கலுக்கு விரைந்த கால்கள் எத்தனை என்று கணக்கிட்டார் இல்லை. இத்தனை கூட்டம் வந்தும் பொருட்காட்சி நட்டத்தில் முடிந்து, பொறுப்பேற்றோர் கையிலிருந்து கட்ட நேர்ந்தது.

இந்திய மண்டபம் தாஜ்மகாலையும் தில்லி ஜும்மா மசூதியையும் நினைவூட்டும் வண்ணம் வெள்ளை மாடங்களோடும் மினார்களோடும் குளக்கரையில் எழுந்தது. வரைந்தவர் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர். கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்துப் பழகிய நம் ஊரார் அங்கே சென்றிருந்தால், சுவரைச் சுரண்டிப் பார்த்து, பளிங்கில்லை, பூச்சு என்று ஒரே சொல்லில் முடித்திருப்பர். தஞ்சைக் கோபுரத்துக்கோ மதுரை மண்டபத்துக்கோ அம்முகப்பில் இடம் கிடைக்கவில்லை. இந்தியா என்றால் ஆக்ராவும் தில்லியும் என்பது அன்றே வழக்காகிவிட்டது. உள்ளே மாகாணங்களுக்கும் சமஸ்தானங்களுக்கும் இருபதுக்கும் மேற்பட்ட தனிக்கூடங்கள். பட்டு, தந்தம், சந்தனம், கம்பளம். அன்று இந்தியாவின் ஒரு மாகாணமாகவே இருந்த பர்மாவுக்கு மட்டும் தனி மண்டபம். இந்தியப் பகுதியில் பாம்பாட்டிகளும் செப்படி வித்தைக்காரரும் நாள்தோறும் தோன்றினர். அறிவும் கைத்திறமும் ஒரு கூடத்தில். மகுடியும் பாம்பும் அடுத்த கூடத்தில். எது நினைவில் தங்கும் என்பதை ஊகிக்கலாம். மேற்கு ஆப்பிரிக்கப் பகுதியில் கிராமத்து மக்களையே குடியமர்த்திக் காட்டியபோது, தம் மக்களை ஏடுகள் இழிவாகச் சித்திரித்ததை எதிர்த்து இலண்டனில் பயின்ற ஆப்பிரிக்க மாணவர்கள் குரல் எழுப்பினர்.

மண்டபத்தின் உணவகத்தை நடத்தியவர் எட்வர்டு பாமர் என்பவர். மொகலாய வழிவந்த முன்னோரை உடைய ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்தினர். வீராசாமி என்ற பெயரில் மசாலாப் பொருள்கள் விற்றவர். வெம்பிளியில் கிடைத்த வரவேற்பைக் கண்டு 1926-இல் இலண்டன் ரீஜண்ட் தெருவில் வீராசாமி என்ற பெயரிலேயே உணவகம் திறந்தார். அந்நகரத்துப் பழம்பெரும் இந்திய உணவகமாக அது புகழ்பெற்றது. பேரரசுப் பொருட்காட்சி இலண்டனில் விட்டுச்சென்ற தமிழ் ஒலிப்புடைய சின்னம் ஒரு சாப்பாட்டுக் கடையின் பெயர்!

ஆனால் தமிழரைத் தேடுவோர் இந்திய மண்டபத்தோடு நின்றுவிடலாகாது. கண்டி தலதா மாளிகையின் சாயலில் அமைந்த இலங்கை மண்டபத்தில் தேயிலை மணத்தது. கொய்த விரல்கள் மலையகத் தமிழருடையவை. மலாயா மண்டபத்தில் இரப்பர். பால் வடித்த கத்தி நம் மக்களின் கையில் இருந்தது. மண்டபம் பொருளைக் காட்டும், கையைக் காட்டாது. இது நம் ஏரிக்கரைக்குப் புதிய செய்தியன்று. பழவேற்காடு என்ற ஊர்ப்பெயர் ஐரோப்பிய வணிகர் ஏடுகளில் கட்டம்போட்ட கைக்குட்டைத் துணியின் பெயராகவே திரிந்து, மேற்கு ஆப்பிரிக்கா வரை விலைபோயிற்று. நெய்தவன் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. வெம்பிளியின் கிழக்காப்பிரிக்க மண்டபத்தில் கெனியாவின் காப்பி வைக்கப்பட்டிருந்தது. சாஸ்திரியார் எதற்காகப் போராடினாரோ அந்த மலைநிலத்தின் விளைச்சல்.

அந்தக் கோடையில் சாஸ்திரியாரும் இலண்டனில்தான் இருந்தார். அன்னி பெசண்ட் அம்மையாரோடு இந்தியாவுக்குத் தன்னாட்சி கேட்டு வந்திருந்தார். புறக்கணிப்பு தோற்றுவிட்டது, நகரமே வெம்பிளிக்குப் போய் வந்துகொண்டிருந்தது. அவரோ மறுபடியும் மேடையில்.

தோல்விக்குக் காரணம் தேடினால், அவரே ஒரு காரணம் என்பேன். புறக்கணிப்புக்கு ஊர் ஊராக ஆள் வேண்டும், தொண்டர் வேண்டும், சிறைக்கு அஞ்சாத கூட்டம் வேண்டும். அவரிடம் இருந்ததோ ஒப்பற்ற குரல் ஒன்று. கூட்டத்தை வைத்திருந்தவர் சிறையில் இருந்தார். அவர் இயக்கத்தவர்க்கோ பொருட்காட்சி ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. இரு தரப்பும் சேர்ந்திருந்தால் வெம்பிளியின் வெள்ளை மண்டபம் வெறுமையாய் நின்றிருக்குமா என்று எண்ணிப் பார்க்கிறேன். சேரவில்லை.

பின்னர் அரசு அவரை மீண்டும் நாடியது, அவரும் மறுக்கவில்லை. 1927-இல் காந்தியடிகளும் வற்புறுத்தவே, தென்னாப்பிரிக்காவில் இந்தியாவின் முதல் ஏஜெண்டாகப் பொறுப்பேற்றார். நேட்டாலில் கரும்புக்காட்டுக்குக் கப்பலேறிச் சென்ற தமிழரின் பிள்ளைகளுக்கு உயர்கல்வி வாயில் அடைபட்டிருந்தது. இந்திய வணிகரிடமும் பொதுமக்களிடமும் பணம் திரட்டி, டர்பனில் அவர் எழுப்பத் தூண்டிய கல்விக்கூடம் 1929-இல் சாஸ்திரி கல்லூரி என்ற பெயரோடு திறந்தது. தலைமுறை தலைமுறையாக ஆசிரியர்களையும் வழக்கறிஞர்களையும் எழுத்தாளர்களையும் அது தந்தது. இரண்டு பருவங்கள் நிற்கவென்று கட்டிய வெம்பிளி மண்டபத்தையும் இக்கல்லூரிக் கட்டடத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும் உரிமை வரலாற்று மாணவனுக்கு உண்டு. 1928-இல் தமக்கு அளிக்கவந்த சர் பட்டத்தை அவர் ஏற்கவில்லை என்பதும் குறிக்கத்தக்கது.

1931-இல் பாரிசு நகரம் தன் குடியேற்ற நாடுகளுக்குப் பொருட்காட்சி எடுத்தது. கம்போடியாவின் அங்கோர்வாட் கோயில் முழு உயரத்தில் அட்டையும் பூச்சுமாக எழுந்தது. புதுச்சேரியும் காரைக்காலும் அடங்கிய பிரெஞ்சிந்தியாவுக்கும் ஒரு மண்டபம். வாயிலில் யானைச் சிற்பங்கள். நியூ கலிடோனியத் தீவின் கனாக் மக்களை அழைத்துவந்து, நகரின் இன்னொரு பூங்காவில் நரமாமிசம் உண்போராக நடிக்கவைத்த கொடுமையும் அப்போதே நிகழ்ந்தது. மூன்று கோடிக்கு மேல் நுழைவுச் சீட்டுகள் விற்றன. அவ்வாண்டு மே மாதத்தில், பொருட்காட்சிக்குப் போகாதீர் என்று துண்டறிக்கை வெளியிட்டவர்கள் யார் தெரியுமா? ஆந்த்ரே பிரெத்தோன், பால் எலுவார், லூயி அரகோன் முதலிய சர்ரியலிசக் கவிஞர்கள். பின்னர் அவர்களும் தோழர்களும் எதிர்க் காட்சி ஒன்றையும் வைத்தனர். கண்டவர் சில ஆயிரவர். எட்டாண்டுகளுக்கு முன் கோட்டும் தலைப்பாகையும் அணிந்த திருவல்லிக்கேணித் தலைமையாசிரியர் சொன்னதையே, மரபுகளையெல்லாம் உடைக்க வந்த அந்த இளங்கவிஞர்களும் சொன்னார்கள். அவர்கள் இவரை அறிந்திருக்க நியாயமில்லை. அறிந்திருந்தால் இவர் தலைப்பாகையைக் கண்டு நகைத்திருப்பர். அவ்வாண்டின் பிற்பகுதியில் சாஸ்திரியார் இலண்டன் வட்டமேசையில் காந்தியடிகளோடு அமர்ந்திருந்தார்.

1939-இல் நியூயார்க் பொருட்காட்சி திறந்தபோது செக்கோஸ்லோவாக்கியா நாட்டை இட்லரின் படை விழுங்கிவிட்டிருந்தது. அதன் மண்டபம் மட்டும் திறந்திருந்தது. நாடிழந்த பின்னும் மண்டபம் நிற்கக்கூடும். நாடு ஆகாமலே மண்டபம் எழக்கூடும். பின்னதை இந்தியா 1924-இலேயே கண்டிருந்தது.

அப்போது சாஸ்திரியார் அண்ணாமலை நகரில் துணைவேந்தர்; 1935 முதல் 1940 வரை அப்பொறுப்பு. இடையே மலாயா சென்று தோட்டத் தமிழர் நிலையை ஆராய்ந்து 1937-இல் தந்த அறிக்கை பலர்க்கு ஏமாற்றமளித்தது. தோட்ட முதலாளிகள் பால் மென்மை காட்டியது என்ற குறை அங்குள்ள இந்தியரிடையே எழுந்தது. கெனியாவுக்காகக் கொதித்த நெஞ்சு இரப்பர்க் காட்டில் ஏன் அத்துணை ஆறியிருந்தது என்று எனக்கும் கேட்கத் தோன்றுகிறது. 1940-இல் அறிவியல் கலைச்சொற்களை வகுக்க அரசு அமைத்த குழுவின் தலைவராக அவர் வடமொழிச் சொற்களின் பக்கம் சாய்ந்ததும், தமிழறிஞர் வெகுண்டெழுந்ததும் நம் வட்டத்தார் அறிந்ததே. அங்கே அவர் தரப்பில் நியாயம் காண என்னால் இயலவில்லை. 1944-இல் மயிலையில் இராமாயணம் பற்றி ஆற்றிய தொடர் சொற்பொழிவில் இராமனைத் தெய்வமாக அன்றி மனிதனாகவே நிறுத்திப் பேசிய துணிவைக் கம்பனில் தோய்ந்தோர் மறக்கமாட்டார்.

1946 சனவரியில் காந்தியடிகள் சென்னைக்கு வந்தார். சாஸ்திரியார் நோய்ப்படுக்கையில் கிடந்தார். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் புனா மருத்துவமனையில் படுத்திருந்தவர் இப்போது கட்டிலருகே அமர்ந்தார்; அன்று அருகே நின்று எழுதியவர் படுத்திருந்தார். அவ்வாண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் சாஸ்திரியார் மறைந்தார்.